குளக்கரைப் பிரசவ வார்டு

எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அழைக்காமலே வந்த முதல் விருந்தாளி ஒரு மீன்கொத்தி. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவர் சிஸ்டர்.

காலை பத்தரை மணி இருக்கும். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து, ஊரைப் பற்றி நினைத்து நினைத்துக் கட்டிய வீடு அது. குளத்தைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி வைத்திருந்தேன். வெளியே நின்று பார்த்தால் வானமும் தாமரையும் அப்படியே அதில் தெரியும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். அப்போது டம்மென்று ஒரு சத்தம். யாரோ பிள்ளைகள் பந்து எறிந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு பெண்மணி வந்தார். அறுபதைத் தாண்டியவர். குள்ளம். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. தோளில் ஒரு சின்னக் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருந்தார். இரண்டு கையையும் குவித்து வைத்திருந்தார். விரலிடுக்கில் நீலமாக ஏதோ தெரிந்தது.

"வீட்டுக்காரரு யாரு?"

"நான்தான்."

"மூடி உள்ள ஒரு செருப்பு டப்பா எடுங்க. வெரசா."

புதுச் செருப்பு வாங்கிய டப்பா ஒன்று இருந்தது. பறவையை அதற்குள் படுக்கவைத்து மூடினார். "இருட்டா ஒரு இடம் வேணும்" என்றார். வீட்டில் இருட்டான இடம் என்று ஒன்றுதான் இருந்தது, சாமி அறை. "நான் கோயிலுக்கு இல்ல, சர்ச்சுக்குப் போற ஆளு. அங்கன வச்சா ஒண்ணும் தோணாதே?" என்று என் அம்மாவிடம் கேட்டார். "சாமிக்கு என்ன தோணும், வையுங்க" என்றாள் அம்மா.

பிறகு அவர் கூடத்துக்கு வந்து, பந்தியில் இருந்த எழுபது பேரைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். "அரை மணிக்கூர் ஆரும் சத்தம் போடப்பிடாது."

யார் இவர், எதற்குச் சொல்கிறார் என்று ஒருவருமே கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது. சாம்பார் விடுகிறவர் ஒவ்வொருவர் காதோரமும் குனிந்து "சாம்பார்" என்று ரகசியம் போலச் சொன்னார். என் பெரிய மாமா பாயசத்தை உறிஞ்சாமல் குடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அரை மணி ஆனதும் சிஸ்டர் டப்பாவைப் பின்புறம் கொண்டுபோய்த் திறந்தார். மீன்கொத்தி ஒரு தடவை எங்கள் எல்லாரையும் முறைத்துவிட்டு நேராகக் குளத்தைப் பார்த்துப் பறந்தது. அம்மா கைதட்டினாள்.

தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து அவர் தன் பரிசை எடுத்துத் தந்தார். மடித்த பச்சைத் துணி. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி மறைப்பார்களே, அந்தத் துணி.

"இதக் கண்ணாடிக்கு வெளிய கட்டு மக்கா. எது ஆகாசம், எது உன் கண்ணாடின்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆசை ஆசையாக வைத்த கண்ணாடிக்கு ஆஸ்பத்திரித் துணி! அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் நாக்கில் கசப்புத் தட்டும். ஆனாலும் சாயங்காலமே கட்டிவிட்டேன். கட்டாவிட்டால் திரும்ப வருவார் என்று அவர் முகம் சொன்னது.

ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு வயலை நிரப்பி மனை போட்டு விற்ற இடம் எங்கள் நகர். மொத்தம் இருபத்துமூன்று வீடு. மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் குளத்தங்கரை. வயல் வயலாக இருந்தபோது அங்கே எதெல்லாம் மேய்ந்தது, எதெல்லாம் குஞ்சு பொரித்தது என்று மனை வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. பத்திரம் சரியா, தண்ணீர் வருமா, ரோடு எத்தனை அடி என்றுதான் கேட்டோம். அதைச் சொல்லி சிஸ்டர் எங்களைக் குத்திக்காட்டியதில்லை. "நானும் வயல நிரப்பித்தான் வீடு கட்டியிருக்கேன். வந்தாச்சு. இனி நாம வந்ததே தெரியாம இருக்கப் பழகணும்" என்பார்.

அவருடைய வேலை ஓய்வு பெற்றிருந்ததே தவிர அவர் ஓய்வு பெறவில்லை. வார்டை அப்படியே பெயர்த்துக் குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். தாமரை படர்ந்த இடங்களுக்குக் கட்டில் நம்பர் போட்டிருந்தார். மதகுக்குப் பக்கத்தில் இருந்தது ஒண்ணாம் பெட், கோரைப்புல் ஓரம் நாலாம் பெட். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சத்தம் வராத ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கரைமேல் ரவுண்ட்ஸ் போவார். எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எது அடை இருக்கிறது, எது குஞ்சோடு போகிறது என்று ஒரு நோட்டில் கேஸ் ஷீட் எழுதுவார். அந்த நோட்டு பைபிளோடு ஒரே பையில் இருக்கும்.

அப்படியானால் நாங்கள் யார்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"நாம எல்லாம் பைஸ்டாண்டர் மக்கா."

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாகக் கூட இருப்பவரைப் பைஸ்டாண்டர் என்றுதான் சொல்வார்கள். பிளாஸ்கும் பாயுமாக வராந்தாவில் கிடப்பவர்கள். "பைஸ்டாண்டருக்கு என்ன சோலி? பேஷண்ட் கட்டில்ல ஏறிப் படுக்கப்பிடாது. சத்தம் போடப்பிடாது. கண்டதத் தின்னக் குடுக்கப்பிடாது. லைட்டப் போட்டுக்கிட்டுக் கெடக்கப்பிடாது. அவ்வளவுதான். வார்டு அவங்களுக்கு உள்ளது."

கரையின் தொடக்கத்தில் ஒரு தகரப் பலகை வைத்திருந்தார். விசிட்டிங் டைம் காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலு முதல் ஆறு. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும். பூனை வளர்ப்பவர்கள் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருகிறவர் எங்கள் நகருக்குள் நுழைந்தால் ஹாரன் அடிக்கக்கூடாது. அந்த மனிதர் இருபத்துமூன்று வீட்டு நம்பரையும் வாங்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுக்கத் தொடங்கினார். மீன் கழுவிய கழிவைக் கரையில் கொட்டினால் காக்காயும் நாயும் வரும், வந்தவை முட்டையையும் பார்த்துவிடும் என்பதால் தென்னை மூட்டில் குழி தோண்டித்தான் போடவேண்டும். டிசம்பரில் சிஸ்டர் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ரோட்டைப் பார்த்த வாசலில் ஜீரோ வாட் பல்போடு தொங்கும். டிரம் அடிக்காமல் கேரல் பாடிப் போனது எங்கள் தெருவில் மட்டும்தான் என்று அந்தப் பையன்களே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மக்கள் எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்று கேட்கலாம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயசு, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அவர் ஒரு தடவை, "சிஸ்டர், குளம் பொதுவுல உள்ளது. நீங்க டைம் போட முடியாது" என்று சட்டம் பேசினார்.

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னத் தலகீழாப் பிடிச்சு முதுகுல ரெண்டு தட்டு தட்டினது ஆருன்னு உன் அம்மகிட்ட கேட்டியா?"

செயலாளர் அதோடு சரி. நகரில் பாதிப்பேர் சிஸ்டர் கையில் பிறந்தவர்கள், மீதிப்பேரின் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. "நான் பிறந்தது திருவனந்தபுரத்துல சிஸ்டர்" என்று ஒரு நாள் தெனாவெட்டாகச் சொன்னேன்.

"அப்பிடியா? அங்கன உள்ளவ ஒழுங்காத் தட்டாம விட்டிருக்கா" என்றார்.

அவருக்கு அந்தக் குளத்தில் மிகப் பிடித்த நோயாளி தாமரைக்கோழி. இலைமேல் கால் பரப்பி நடக்கும், கழுத்துப் பின்னால் தங்க நிறம், வளைந்த நீள வால். இலைமேலேயே நாலு முட்டை இருக்கும். முதல் தடவை பைனாகுலரை என் கையில் கொடுத்துக் காட்டியபோது, "தாய் எப்பிடி இருக்கா பாருங்க சிஸ்டர், அசையாம" என்றேன்.

"தாயா? அது தகப்பன்லா! இந்தச் சாதியில பொம்பள முட்டைய இட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிருவா. அட இருக்கது, குஞ்சு வளக்கது ஒக்க ஆம்பிள. முப்பது வருசம் பிரசவ வார்டுல நின்னேன், வராந்தாவுல குறுக்கும் நெடுக்கும் நடக்குத ஆம்பிளையத்தான் பாத்தேன். கட்டில்ல கெடக்கவன இங்கனதான் பாக்கேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விசிட்டிங் டைமிலும் சத்தமாகச் சிரிக்கமாட்டார்.

இப்படிப்பட்டவரோடுதான் நான் லைட்டு விஷயத்தில் மோதினேன்.

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் மஸ்கட்டில் இருக்கும்போது ஒரு ஆடி மாதம் இறந்துபோனார். கம்பெனியில் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டு கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. அந்தக் குறை எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. ஊரோடு வந்து சேர்ந்ததும் அவர் பெயரில் எதையாவது செய்யவேண்டும், நாலு பேர் பார்க்கிற மாதிரி செய்யவேண்டும் என்று அலைந்தேன். கோயில்களில் ஒரு டியூப் லைட்டைக் கொடுத்துவிட்டு அதன்மேலேயே 'உபயம்' என்று பெயர் எழுதிவைக்கிற ஊர் நம்முடையது. எனக்கும் லைட்டுதான் தோன்றியது.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் கரையில் பாம்பைப் பார்த்ததாகவும், வேலை முடிந்து கரை வழியாக வரும் பெண்களால் இருட்டில் நடக்க முடியவில்லை என்றும் சொன்னபோது நான் எழுந்து நின்றேன். "கரை நீளத்துக்குப் பத்து கம்பம். எல்.இ.டி. லைட்டு. அப்பா பேருல நான் போட்டுத் தாறேன்." எல்லாரும் கைதட்டினார்கள். சிஸ்டர் தட்டவில்லை.

"எத்தன வாட்டு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"வார்டுக்குள்ள பந்தல் லைட்டக் கட்டினா எவ பிள்ள பெறுவா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சிஸ்டர், இது என் அப்பா பேரு. அவர் சாவுக்கு என்னால வர முடியல. கோழிக்கு ஆவாதுன்னு என் அப்பாவுக்கு ஒண்ணும் செய்யாம இருக்க முடியாது."

சிஸ்டர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "செரி மக்கா. ஒரே ஒரு கம்பம் போடு. ஊசி போடதுக்கு முன்ன டெஸ்ட் டோஸ் குடுத்துப் பாப்போம்லா, அந்த மாதிரி. ஒத்துக்கிட்டா மத்ததப் போடு" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கரண்டு லைன் இருந்த இடம் மூன்றாம் பெட்டுக்கு நேர் மேலே. அங்கேதான் அந்த வருஷம் தாமரைக்கோழி அடை இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கேயே போட்டேன். கம்பத்தில் சிவப்பு எழுத்தில் அப்பா பெயர். முதல் நாள் ஆறரைக்கு லைட்டு எரிந்ததும் கரை பளீரென்றது. தண்ணீரில் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. நான் அதைப் படம் எடுத்து மஸ்கட் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. லைட்டைச் சுற்றி ஈசல் பறந்தது. ஈசலைத் தின்ன கம்பத்து மூட்டில் தவளைகள் வந்து உட்கார்ந்தன, பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில். தவளையைத் தேடி இரண்டு தண்ணிப்பாம்பு வந்தன. பாம்புப் பயத்தைப் போக்கவந்த லைட்டு என்று வாட்ஸ்அப்பில் புகழ்ந்து எழுதிய செயலாளர் அன்றைக்கு அந்த வழியாக நடந்து வந்தார். ஐயோ என்று ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டு மதில்மேல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சிஸ்டர் ரப்பர் செருப்போடு வந்து பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார்.

"ரியாக்‌ஷன் வந்திருக்கு" என்றார்.

நகரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் ஆறு மணிக்கு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது முகத்தில் சிரிப்பில்லை. "ஒண்ணு காட்டணும், வா" என்றார். அம்மாவும் கூடவே வந்தாள். கரையில் நின்று பைனாகுலரைத் தந்தார். மூன்றாம் பெட்டில் கூடு காலி. நாலாம் பெட்டில், கோரைப்புல்லின் நிழலில், தாமரைக்கோழி உட்கார்ந்திருந்தது.

"லைட்டு போட்ட மறுநாளே மாத்தத் தொடங்கிட்டான். முட்டைய நெஞ்சோட அணச்சுப் பிடிச்சு, இலைக்கு இலை தள்ளிக்கிட்டே போனான். நான் நேத்து முழுக்க இருந்து பாத்தேன். ஒத்தையிலதான். நாலு இருந்துது. ஒண்ணு தண்ணியில போயிட்டு. மூணுதான் சேந்துது."

அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதியதை வாசிக்கிற குரல்தான். என் அப்பாவின் பெயரை எழுதிவைத்த வெளிச்சத்துக்குப் பயந்து ஒரு தகப்பன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. "கம்பத்த இன்னைக்கே எடுத்துருதேன் சிஸ்டர்" என்றேன். பிறகு, நாற்பத்தாறு வயசுக்காரன் கேட்கக்கூடாத குரலில், "அப்பாவுக்கு நான் என்னதான் செய்ய?" என்று கேட்டேன்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். விசிட்டிங் டைம் இன்னும் இருந்தது. கரைக்கல்லில் உட்கார்ந்தார். "உங்க அப்பா எப்பிடிப்பட்ட ஆளு? நான் பாத்ததில்லையே. சொல்லு."

நான் யோசிப்பதற்குள் அம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நான் அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன் சிஸ்டர். பிள்ள இவ்வளவு ஆசையாச் செய்யானேன்னு வாய மூடிக்கிட்டேன். அவியளுக்கு லைட்டக் கண்டா ஆவாது! நாங்க ஒரு ரூமுல இருந்து எந்திரிச்சா பின்னாலயே வந்து அணைப்பாவ. பக்கத்து வீட்டுல பகல்ல எரிஞ்சாலும் போயி அணச்சிட்டு வருவாவ. 'லைட்ட அணச்சியா?'ன்னு கேக்காம ஒரு நாள் படுத்ததில்ல. இவன் மஸ்கட்டுல இருந்து பேசுவாம்லா, போன வைக்கதுக்கு முன்ன கடைசியில அதத்தான் கேப்பாவ. அவியளுக்குப் போயி பத்து லைட்டு!"

உண்மைதான். அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை பேசுவோம். சாப்பாடு, சம்பளம், உடம்பு எல்லாம் கேட்டு முடித்து, "ரூமுல லைட்ட அணச்சியா மக்கா?" என்பார். "அணச்சாச்சுப்பா" என்பேன். தலைக்குமேலே டியூப் லைட்டு எரிந்துகொண்டிருக்கும். கம்பெனி கரண்டு, எனக்கென்ன. கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமையும் அதைத்தான் கேட்டார். அன்றைக்கும் பொய்தான் சொன்னேன்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று அம்மா இன்றைக்கும் கேலி செய்வாள். சிஸ்டர் என் முதுகில் கை வைத்தார். பிறந்தபோது விட்டுப்போன இரண்டு தட்டையும் தட்டினார்.

"அப்ப அவருக்கு எதுக்கு லைட்டு? சுவிட்ச் வை."

அப்படித்தான் அது வந்தது. வார்டில் ராத்திரி நேரம் கட்டிலுக்குக் கீழே, தரையை மட்டும் காட்டுகிற ஒரு சின்ன விளக்கு எரியுமாம். நர்ஸ் நடக்க அது போதும், படுத்திருப்பவர் கண்ணில் படாது. அதையே வரைந்து தந்தார். முழங்கால் உயரத்தில் ஆறு சின்னக் கம்பம். மஞ்சள் வெளிச்சம், குறைந்த வாட்டு. குளத்துப் பக்கம் முழுக்கத் தகர மூடி. வெளிச்சம் நடைபாதையை விட்டு ஒரு சாண் தாண்டக்கூடாது. வெல்டிங் கடையில் மூடி செய்தபோது கூடவே நின்று, டார்ச்சை உள்ளே வைத்து, குனிந்து, தண்ணீர்ப் பக்கமிருந்து பார்ப்பதுபோலப் பார்த்து, இரண்டு தடவை திருப்பி அடிக்கவைத்தார். வெல்டிங்காரரும் அவர் கையில் பிறந்தவர்தான்.

கரையின் தொடக்கத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதன்மேல் அப்பாவின் பெயர், உபயம் என்று. கீழே பெரிய எழுத்தில், லைட்ட அணச்சியா? சாயங்காலம் ஆறரைக்குப் போட்டு எட்டு மணிக்கு அணைக்கவேண்டும். தானாக அணைகிற டைமர் வைக்கலாம் என்று செயலாளர் சொன்னபோது சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆளு வந்து அணைக்கணும். அப்பதான் நெனப்பு இருக்கும்." வீட்டுக்கு ஒரு வாரம் என்று டியூட்டி லிஸ்ட் போட்டார். முதல் பெயர் என்னுடையது.

ஆடி கழிவதற்குள் ஒரு காலை மூன்று முட்டையும் பொரிந்தன. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி குஞ்சுகள் இலைமேல் நடந்தன. மழைத் தூறல் விழுந்ததும் தகப்பன் மூன்றையும் இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு எழுந்தான். அவன் இறக்கைக்கடியில் ஆறு கால்கள் தொங்கின. பைனாகுலரில் அதைப் பார்த்துக்கொண்டே, "லட்டு எங்க?" என்றார் சிஸ்டர்.

"என்ன லட்டு?"

"பிள்ள பொறந்தா வார்டுக்கு மிட்டாய் குடுக்கது ஆரு? பைஸ்டாண்டர்தான?"

இருபத்துமூன்று வீட்டுக்கும் நான் லட்டு கொண்டுபோனேன். என் மனைவி தட்டைப் பிடித்தாள். "என்ன விசேஷம், என்ன பிள்ள?" என்று கேட்டவர்களிடம், "மூணு, எல்லாம் சுகமா இருக்கு" என்றேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெயிலில் அலையாதே என்றார். செயலாளர் இரண்டு லட்டு எடுத்துக்கொண்டார். மதில் ஏறியதற்கு ஒன்று என்றார்.

அதன் பிறகு சிஸ்டர் இரண்டு வருஷம்தான் எங்களோடு இருந்தார். கால்முட்டு தேய்ந்து கரையில் நடக்க முடியாமல் ஆனதும் அவருடைய தங்கச்சி கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். போகிற அன்றைக்கும் காலை ஆறு மணி ரவுண்ட்ஸ் உண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒண்ணாம் பெட்டில் நீலக்கோழி, ரெண்டில் ஒன்றுமில்லை, மூணில் தாமரைக்கோழி நாலு முட்டையோடு. மூன்றாம் பெட்டுக்கு அது திரும்பி வந்திருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நோட்டை என் கையில் கொடுத்தார். "டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்ட ஒப்படைச்சிட்டுத்தான் போணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "செருப்ப மாத்து, சத்தம் கேக்கு" என்று அதட்டினார்.

இப்போதும் ஆனி பிறந்து என் டியூட்டி வாரம் வந்துவிட்டால் தினமும் அவரிடமிருந்து போன் வரும். சுகமா, சாப்பிட்டியா எல்லாம் கிடையாது. சரியாக எட்டு மணிக்கு மணி அடிக்கும்.

"லைட்ட அணச்சியா?"

"அணச்சாச்சு சிஸ்டர்" என்பேன்.

முக்கால்வாசி நாள் அது பொய்தான். டிவி முன்னால் உட்கார்ந்து மறந்திருப்பேன். பொய்யைச் சொல்லிக்கொண்டே, போனைக் காதில் வைத்தபடி, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடுவேன். மூச்சிரைப்பது அங்கே கேட்கும் போலிருக்கிறது. நான் சுவிட்ச் பெட்டிக்கு வந்து சேர்கிற வரைக்கும் அவர் போனை வைக்கமாட்டார். அப்பா பெயர்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் அணைப்பேன். ஆறு விளக்கும் ஒன்றாக அணையும். இருட்டில் மூன்றாம் பெட்டிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும்.

"ஆங், இப்பதான் அணச்ச" என்பார் சிஸ்டர். "செரி, பைய நடந்து வீட்டுக்குப் போ."